பிளஸ் டூவில் 95 சதவீதம், முதல் செமஸ்டரில் மூன்று அரியர்: எங்கே சறுக்குகிறது?

பிளஸ் டூ வரை ஒரு மாணவர் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எதைப் படிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதையெல்லாம் வேறு யாராவது முடிவு செய்துவிடுவார்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மதியம் ஸ்லிப் டெஸ்ட், சாயங்காலம் டியூஷன், அரையாண்டு முடிந்ததும் அடுத்தடுத்து ரிவிஷன் தேர்வுகள். ஒரு டெஸ்டில் மார்க் குறைந்தால் மறுநாளே வீட்டுக்கு போன் வரும். "என்னம்மா, பையன் இந்த வாரம் கெமிஸ்ட்ரியில கொஞ்சம் டல்லடிக்கிறான்" என்று டீச்சர் சொல்வார். அந்த வாரம் டிவி ரிமோட் அலமாரிக்குள் போய்விடும்.

கல்லூரி திறக்கும் நாளில் இது எல்லாமே ஒரேயடியாக நின்றுவிடுகிறது. யாரும் கேட்பதில்லை. வகுப்பில் தலையாட்டினால் போதும், புரிந்ததா என்று திருப்பிக் கேட்க ஆள் கிடையாது. முதல் இரண்டு மாதம் இதற்குப் பெயர் சுதந்திரம். முதல் இன்டர்னல் மார்க் வந்த பிறகுதான் வேறு பெயர் வைக்கத் தோன்றும்.

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகிறவர்கள் அதிகம். உயர்கல்வி குறித்த மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுள்ளவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அதாவது, அப்பாவோ அம்மாவோ கல்லூரி வாசலையே பார்த்திராத வீடுகளிலிருந்து ஏராளமான பிள்ளைகள் உள்ளே வந்திருக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் என்று உள்ளே நுழைய அரசு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. நுழைந்த பிறகு முதல் ஆறு மாதத்தை எப்படித் தாண்டுவது என்று சொல்லித்தர வீட்டிலும் ஆள் இல்லை, பல கல்லூரிகளிலும் இல்லை. முதலாண்டில் மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்தச் சொல்கிறது ஏஐசிடிஇ. பல இடங்களில் அது கௌரவ விருந்தினர் உரைகளோடு முடிந்துவிடுகிறது.

பொறியியல் முதலாண்டை எடுத்துக்கொண்டு பார்த்தால் சறுக்கும் இடம் தெளிவாகத் தெரியும். மற்ற படிப்புகளிலும் கதை பெரிதாக மாறாது.

27, 35: யாரும் சொல்லித்தராத கணக்கு

பள்ளியில் ஒரே ஒரு பொதுத்தேர்வுதான் எல்லாம். மார்ச் மாதம் நன்றாக எழுதினால் ஜூலையில் தூங்கியதை யாரும் கேட்க மாட்டார்கள். கல்லூரியில் அப்படி இல்லை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். தியரி பாடங்களில் 100க்கு 40 மதிப்பெண் இன்டர்னல், 60 மதிப்பெண் செமஸ்டர் தேர்வு. பாஸாக இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம், அதாவது 60க்கு 27 எடுத்தாக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் மற்ற பல்கலைக்கழகங்களிலும் இந்த விகிதம் மாறும். கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் 25க்கு 75. ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

இப்போது இரண்டு பேரை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் அசைன்மென்ட் ஒழுங்காகக் கொடுத்து, இரண்டு இன்டர்னல் டெஸ்டும் சுமாராக எழுதி, 40க்கு 34 வைத்திருக்கிறார். செமஸ்டர் தேர்வின் 100 மார்க் வினாத்தாளில் இவருக்கு 45 கிடைத்தால் போதும். இன்னொருவர் "இன்டர்னல்தானே, எல்லாருக்கும் போட்டுடுவாங்க" என்று இருந்து 15 வைத்திருக்கிறார். இவருக்கு 60க்கு 35 தேவை. அதே வினாத்தாளில் 59 எடுத்தாக வேண்டும். தேர்வு ஹாலுக்குள் நுழையும் முன்பே இருவருக்கும் நடுவில் 14 மார்க் தூரம் விழுந்துவிட்டது. அது ஒரு முழு 13 மார்க் கேள்வியைவிட அதிகம்.

இந்தக் கணக்கை செப்டம்பரில் போட்டுப் பார்ப்பவருக்கும் டிசம்பரில் போட்டுப் பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் செமஸ்டர்.

வருகைப்பதிவும் அப்படித்தான். 75 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை சலுகை உண்டு என்பதும் சீனியர் அண்ணன்கள் புண்ணியத்தில் முதல் வாரமே தெரிந்துவிடும். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறபோது முன்னும் பின்னும் எடுத்த நாலு நாள், காய்ச்சலுக்குப் போன ஒரு வாரம், சிம்போசியம், ஸ்போர்ட்ஸ் டே என்று கூட்டிப் பார்த்தால் நவம்பரில் எண் 74இல் நிற்கும். போனில் ஒரு குறிப்பு போட்டு வாராவாரம் எண்ணிக்கொண்டால் முடிந்தது.

ஒரே புத்தகம் இல்லை என்பதுதான் முதல் அதிர்ச்சி

பிளஸ் டூவில் கணக்கு என்றால் இரண்டு தொகுதிகள். அட்டை முதல் அட்டை வரை அதுதான் உலகம். புக் பேக் கேள்விகளை முடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கல்லூரியில் ஒரு சிலபஸ் தாளைக் கொடுத்து, கீழே நாலைந்து புத்தகப் பெயர்களைப் போட்டிருப்பார்கள். லைப்ரரியில் போய் கிரேவாலின் பொறியியல் கணிதப் புத்தகத்தைத் தூக்கினால் கை வலிக்கும். ஆயிரம் பக்கத்துக்கு மேல். "இதுல எதைப் படிக்கிறது?" என்ற கேள்வியோடு திரும்பி வரும் மாணவர், அன்று மாலையே ஜெராக்ஸ் கடையில் லோக்கல் ஆத்தர் புத்தகம் ஒன்றை வாங்கிவிடுவார். செமஸ்டர் நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்" பிடிஎஃப் வந்து சேரும். அத்தோடு பாடத்திட்டம் முடிந்தது.

லோக்கல் ஆத்தர் புத்தகத்தைத் திட்டுவது பேராசிரியர்களுக்கு வழக்கம். அதில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள், பல திட்டும் பேராசிரியர்களும் படித்தவர்கள்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் விடையைக் காட்டும், ஏன் அந்த வழியில் போக வேண்டும் என்று காட்டாது. ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கத் தெரியும், அது எதற்கு என்று தெரியாது. வினாத்தாளில் எண்ணை மாற்றிக் கேட்டால் தப்பித்துவிடலாம். கேள்வியையே கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடும். கடைசியில் இருக்கும் 15 மார்க் பார்ட் சி கேள்வி பெரும்பாலும் இப்படித் திருப்பிக் கேட்பதற்காகவே இருக்கிறது.

நடுவில் ஒரு வழி உண்டு. ஐந்து யூனிட்டிலும் ஒவ்வொரு தலைப்புக்கும் முதல் விளக்கத்தை மட்டும் பெரிய புத்தகத்தில் படிப்பது. நாலைந்து பக்கம்தான் இருக்கும். பயிற்சிக் கணக்குகளுக்கு லோக்கல் புத்தகம். பழைய பல்கலைக்கழக வினாத்தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரம் பார்ப்பதைவிட யூனிட் முடிந்த வாரமே பார்ப்பது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இரட்டைச் சுமை

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கணக்கில் 98 வாங்கியவர் முதல் வகுப்பில் திணறுவதற்குக் காரணம் கணக்கு தெரியாதது அல்ல. 'அணி' தெரியும், 'நேர்மாறு' தெரியும், 'தரம்' தெரியும். கரும்பலகையில் மேட்ரிக்ஸ், இன்வெர்ஸ், ரேங்க் என்று எழுதும்போது இது தனக்குத் தெரிந்த பாடம்தான் என்று பிடிபடவே இரண்டு வாரம் போய்விடுகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் உடனே பதில் சொல்வதைப் பார்த்து, "நமக்கு இது வராது போல" என்ற முடிவுக்கு அதற்குள் வந்திருப்பார். ஆபத்து அந்த முடிவில்தான் இருக்கிறது.

2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலேயே படிக்க வழி உண்டு. ஆனால் பெரும்பாலான தமிழ் வழி மாணவர்கள் ஆங்கில வழி வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைவிட உடனே உதவக்கூடிய ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே கரைத்துக் குடித்த கணக்கு, இயற்பியல், வேதியியல் பாடங்களின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை ஓட்டினால், பாடம் தெரியும் என்பதால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கின் முதல் பாடமே அணிகள்தான். கல்லூரியின் முதல் கணக்குப் பாடமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்கும் வரை உள்ள சில வாரங்கள் இதற்குத் தாராளம்.

வகுப்பில் குறிப்பு எடுக்கும்போதும் தமிழை ஒதுக்க வேண்டியதில்லை. கலைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில், பேச்சுத்தமிழில்கூட இருக்கட்டும். "இத இப்படி திருப்பிப் போட்டா அதே வேல்யூ வரும்" என்று எழுதிவைத்தது ஒரு மாதம் கழித்தும் புரியும். பாதி புரிந்து காப்பி அடித்த ஆங்கில வாக்கியம் புரியாது. தேர்வில் ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும். அதற்கு வாரம் ஒரு 13 மார்க் கேள்வியைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு சொந்த ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். இலக்கணப் பிழைக்கு மார்க் குறைப்பவர்கள் குறைவு. படமும் சூத்திரமும் படிநிலைகளும் சரியாக இருந்தால் மார்க் வரும்.

படித்தது போலவே இருக்கும், ஆனால் வராது

"நல்லாத்தான் படிச்சேன், எக்ஸாம் ஹால்ல எதுவுமே வரல." இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே படித்திருப்பார். படித்த விதத்தில்தான் விஷயம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு, கொடுத்த உரைநடைப் பகுதியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறைதான் படித்தது. மீதி மூன்று முறையும் தாளை மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, நாலு முறை படித்தவர்கள் 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து அதே தேர்வை வைத்தபோது நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, படித்து முடித்ததும் "எனக்கு இது நன்றாக நினைவிருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், கடைசியில் கோட்டை விட்ட அந்த முதல் குழுதான்.

ஹாஸ்டலில் நடப்பதை இந்தச் சோதனை அப்படியே சொல்லிவிடுகிறது. முதல் நாள் ராத்திரி படித்து பாஸாக முடியாது என்று சொல்வது பொய். முடியும், பலர் ஆகியிருக்கிறார்கள், அதனால்தான் அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டினால் உடனடியாகப் பலன் இருக்கிறது என்று சோதனையே காட்டுகிறது. ஆனால் ஐந்து யூனிட்டை ஒரே ராத்திரியில் ஓட்ட முடியாது, மூன்றை ஓட்டலாம். மூன்றில் ஒன்று காலையில் கலைந்துவிடும். மீதி இரண்டை நம்பி ஹாலுக்குப் போக வேண்டும். அப்படியே பாஸானாலும், அந்தக் கணக்கு இரண்டாவது செமஸ்டரிலும் மூன்றாவது செமஸ்டரிலும் 'உங்களுக்குத் தெரிந்ததுதான்' என்ற முன்னுரையோடு திரும்பி வரும்.

ஹைலைட்டர் பேனாவுக்கும் இதே கதி. 2013இல் ஜான் டன்லாஸ்கி தலைமையிலான குழு, மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை அதுவரை வந்த ஆய்வுகளோடு வைத்து எடைபோட்டது. கோடு போடுவது, திரும்பப் படிப்பது இரண்டுக்கும் குறைந்த பயன் என்ற மதிப்பீடு. அதிகப் பயன் என்று தேறியவை இரண்டே இரண்டு. ஒன்று, தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. மற்றொன்று, ஒரே மூச்சில் படிக்காமல் நாள்களில் பரப்பிப் படிப்பது.

நடைமுறையில் இது பாடத்துக்குப் பாடம் மாறும். கணக்கில், தீர்த்த கணக்கை வரி வரியாகப் பார்த்து "ம், சரி, சரி" என்று தலையாட்டுவது படிப்பு ஆகாது. முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மீதியை மறைத்துக்கொண்டு போட வேண்டும், சிக்கும்போது அடுத்த வரியைத் திறக்கலாம். பைத்தானில் யூடியூப் அண்ணன் டைப் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் புரியும். வீடியோவை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் அதே நிரலை எழுதிப் பார்த்தால்தான் கோலன் எங்கே விட்டது, இடைவெளி எங்கே தவறியது என்று தெரியும். செமஸ்டர் தேர்வில் தாளில்தான் எழுத வேண்டும், அங்கே சிவப்புக் கோடு போட்டுப் பிழை காட்ட யாரும் இல்லை. வேதியியலில் இரண்டு மார்க் கேள்விகள் பத்து வரும். யூனிட்டுக்கு இரண்டு வீதம் சின்னச் சீட்டில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று எழுதி பஸ்ஸில் புரட்டினால் அந்த 20 மார்க் அநேகமாகக் கைக்குள் இருக்கும்.

எப்போது புரட்டுவது என்பதும் முக்கியம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே, அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதியை அளந்து பார்த்தார். மறதி சீராக நடப்பதில்லை என்று கண்டார். முதல் சில மணி நேரத்தில் கடகடவென்று போய்விடுகிறது, மிஞ்சியது மெதுவாகக் கரைகிறது. அதனால் திங்கட்கிழமை நடத்திய பாடத்தைத் திங்கள் ராத்திரி கால் மணி நேரம், புதன்கிழமை பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை எழுதிப் பார்ப்பது, தேர்வுக்கு முந்தைய நாலு மணி நேரத்தைவிட அதிகம் தாங்கும். மொத்த நேரம் என்னவோ குறைவுதான். ஆனால் தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் கசக்கிறது.

'கம்பைன் ஸ்டடி' எப்போது வேலை செய்கிறது?

ஹாஸ்டலில் கம்பைன் ஸ்டடி என்றால் முதல் பத்து நிமிடம் பாடம், அப்புறம் டீ, அப்புறம் ஒருவன் போனில் ஸ்கோர் பார்ப்பான், பதினொன்றரைக்கு மேகி. அதனால் நன்றாகப் படிக்கிறவர்கள் பலர் தனியாகக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இந்த முடிவு நியாயமானதாகத் தோன்றும். ஆனால் முதலாண்டில் அது எப்போதும் கைகொடுப்பதில்லை என்பதற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கதை உண்டு.

1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆராய்ச்சி மாணவர், முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்பதைக் கவனித்தார். சக ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் குறைவு, பள்ளி அடித்தளம் பலவீனம், வீட்டில் ஆதரவு இல்லை என்றார்கள். நம்மூரில் முதல் தலைமுறை மாணவர்களைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் பேசப்படுவது அப்படியே இதுதான். ட்ரைஸ்மன் நம்பவில்லை. அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன எதுவும் பொருந்தவில்லை. பலர் பள்ளியில் முதலிடம் பிடித்தவர்கள். சொன்ன நேரம் படித்தார்கள், வீட்டுப்பாடத்தைத் தவறாமல் கொடுத்தார்கள். ஆனால் தனியாகவே படித்தார்கள். நண்பர்கள் வேறு, படிப்பு வேறு. ஒரு கணக்கு வரவில்லையென்றால் அது தனக்கு மட்டும் வரவில்லை என்று நினைத்தார்கள்.

அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களும் முதலில் தனியாகத்தான் போட்டுப் பார்த்தார்கள். பிறகு கூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தப்பை ஒருவர் பிடித்து, யாருக்குமே வராத கணக்கு எது என்று கண்டுபிடித்தார்கள். யாருக்கும் வராதது கடினமான கணக்கு. தனக்கு மட்டும் வராதது, தான் கவனிக்க வேண்டிய கணக்கு. இந்த வித்தியாசம் தனியாகப் படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. ட்ரைஸ்மன் அதன் பிறகு தொடங்கிய பயிலரங்குகளில் பலவீனமானவர்களுக்கான எளிய பாடம் எதுவும் கிடையாது. கஷ்டமான கணக்குகளைக் கொடுத்து, கூடிப் போடச் சொன்னார். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறியது, அந்த முறை வேறு பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பரவியது.

இதிலிருந்து நம்மூர் ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை. முதலில் தனியாக, பிறகு கூட்டமாக. வெறுங்கையோடு வருபவருக்கு அன்று அனுமதி இல்லை. நாலு பேர் போதும், ஏழெட்டு ஆனால் மேகி வந்துவிடும். ஒருவர் விளக்கும்போது மற்றவர் "ஏன்?" என்று கேட்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் அதில் அதிக லாபம். தனக்கு எங்கே தெரியாது என்பது பாதி வாக்கியத்தில் நிற்கும்போதுதான் அவருக்கே தெரியும்.

கல்லூரி பஸ்ஸில் வந்து போகிறவர்கள் நிலைமை வேறு. காலை ஆறரைக்கு ஏறி சாயங்காலம் ஆறரைக்கு இறங்கும் மாணவிக்கு, வீட்டில் பாத்திரமும் தம்பியின் ஹோம்வொர்க்கும் காத்திருக்கும். அவருக்கு ராத்திரி எட்டு மணி கூட்டம் சரிப்படாது. மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம், பஸ் வரும் வரை கால் மணி நேரம், அதுதான் அவருடைய கம்பைன் ஸ்டடி. டைம்டேபிள் போடச் சொல்லும் ஆலோசனைகள் எல்லாம் ஹாஸ்டல் பையன்களை மனதில் வைத்தே எழுதப்படுவது ஏனோ தெரியவில்லை.

"எல்லாம் நல்லா போகுதா?" "ம்... போகுதுப்பா."

ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். சாப்பாடு எப்படி, காசு இருக்கா, உடம்பைப் பாத்துக்கோ. இன்டர்னலில் ஃபெயில் என்பதை அந்த போனில் சொல்வது கஷ்டம். நகையை அடகுவைத்துக் கட்டிய ஃபீஸாக இருந்தால் இன்னும் கஷ்டம். சொல்லாமல் விட்டது சேர்ந்து சேர்ந்து, செமஸ்டர் ரிசல்ட் நாளில் மொத்தமாக உடையும்.

முதல் சில மாதங்களில் "நான் இங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லை" என்று தோன்றுவது பலருக்கும் நடப்பது. அந்த எண்ணத்தைப் பற்றி கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் அந்நியமாகத்தான் இருந்தது, போகப்போகச் சரியானது என்பதுதான் அவற்றின் சாரம். சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி, அவ்வளவுதான். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. மந்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023இல் 22 கல்வி நிறுவனங்களில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, மாணவர்கள் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள இடம் இருக்கும் கல்லூரிகளில்தான் இந்தப் பயிற்சி பலித்தது. இடமே கொடுக்காத கல்லூரியில் நம்பிக்கை மட்டும் சோறு போடாது.

இரண்டாம் ஆண்டு அக்காவோ அண்ணனோ ஒருவர் "எனக்கும் ஃபர்ஸ்ட் செம்ல ரெண்டு அரியர்டா, தேர்டு செம்ல கிளியர் பண்ணிட்டேன்" என்று சொன்னால் அதன் மதிப்பு அதிகம். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், அக்கா உள்ள வீடுகளில் இந்தப் பேச்சை வீட்டிலேயே தொடங்கலாம். "மார்க் எவ்ளோ?" என்பதைவிட "எந்த சப்ஜெக்ட் புரியல?" என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். சீனியர் பழக்கம் ராகிங்காக மாறினால் அது குற்றம். தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, தேசிய உதவி எண் 1800-180-5522. தூக்கம் போய், சாப்பாடு போய், யாரிடமும் பேசப் பிடிக்காமல் நாள்கள் நகர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அரியர் விழுந்துவிட்டால்?

முதல் வேலை, ரிசல்ட் வந்த அன்றே தேதிகளைப் பார்ப்பது. விடைத்தாள் நகல் கேட்கவும், அதைப் பார்த்த பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் கொடுக்கும் அவகாசம் குறைவு. அழுது முடித்து, வீட்டில் சொல்லி, காசு வாங்குவதற்குள் தேதி போய்விடும். நகலை வாங்கிப் பார்ப்பது மார்க் கூடுவதற்காக மட்டும் அல்ல. எங்கே மார்க் போனது என்று கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை அதே இடத்தில் போவதில்லை. பலருக்கு அங்கேதான் தெரிய வருகிறது, தெரிந்த கேள்விக்கு ஆறு பக்கம் எழுதிவிட்டு கடைசி 15 மார்க் கேள்விக்குத் தலைப்பு மட்டும் போட்டிருக்கிறோம் என்பது.

அரியரைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய சேதம். அடுத்த செமஸ்டரில் ஐந்தாறு புதுப் பாடங்களோடு இதுவும் சேரும். இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்களில் பல, அந்தத் தேதியில் நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்றும், சிஜிபிஏ இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்றும் முதல் வடிகட்டியைப் போடுகின்றன. அந்த சிஜிபிஏவில் முதல் செமஸ்டரும் அதே எடையோடு உட்கார்ந்திருக்கிறது. கிளியர் செய்த பழைய அரியரை எத்தனை நிறுவனங்கள் பொருட்படுத்துகின்றன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் நிலுவையில் இருக்கும் அரியருக்குக் கதவு திறப்பவர்கள் குறைவு.

இரண்டாம் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் காத்திருக்கிறது. மினி டிராஃப்டரும் பெரிய தாளும் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் போகும் பாடம். இதை ஒரே ராத்திரியில் படிக்க வழியில்லை. கையும் கண்ணும் பழக வாரம் இரண்டு ஷீட் போட்டாக வேண்டும். முதல் செமஸ்டரில் தினம் கால் மணி நேரம் உட்காரப் பழகியவர்கள் மார்ச் மாதத்தில் கூம்பை வெட்டிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் அவர்களுடைய ஷீட்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, வெளிச்சத்தில் டிரேஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.